சுகப்பிரசவம் என்று எழுதியிருந்தார்கள், இரண்டாவதுக்கு நானே சிசேரியன் கேட்டேன்

"ரெண்டாவதுதானே, வழுக்கிக்கிட்டு வந்துடும்."

2022ல் நான் இரண்டாவது முறை உண்டாகியிருந்தபோது இதைச் சொல்லாத ஆளே இல்லை. அத்தை, சின்னம்மா, பக்கத்து வீட்டு அக்கா, ஸ்கேன் சென்டரில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத பெண் வரை. எல்லோரும் அன்பாகத்தான் சொன்னார்கள். எனக்கோ ஒவ்வொரு முறையும் உள்ளங்கை வியர்க்கும், அன்று ராத்திரி தூக்கம் போய்விடும்.

முதல் பிரசவம் 2019 செப்டம்பரில், அம்மா வீட்டுப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் நடந்தது. தேதி தாண்டி நான்கு நாள் ஆகியும் வலி வரவில்லை என்று ஜெல் வைத்தார்கள், மறுநாள் காலை டிரிப் ஏற்றி வலியை வரவைத்தார்கள், அதன் பிறகு கிட்டத்தட்ட 18 மணி நேரம். கடைசியில் எவ்வளவு முக்கியும் தலை இறங்கவில்லை. ஒரு நர்ஸ் ஸ்டூல் போட்டு ஏறி நின்று இரண்டு கையாலும் என் மேல்வயிற்றை அமுக்கினார். இப்படி அமுக்குவதை உலக சுகாதார நிறுவனம் 2018லேயே வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது, எனக்கு அது தெரிந்தது மூன்று வருஷம் கழித்து. தலையில் கிண்ணம் மாதிரி ஒட்டி உறிஞ்சி இழுக்கிற வாக்குவம் போட்டார்கள், இரண்டு முறை கழன்றுவிட்டது, அப்புறம் இடுக்கி மாதிரியான ஆயுதம் போட்டு எடுத்தார்கள். தலை வந்த பிறகு தோள் மாட்டிக்கொண்டது. அந்த அறையில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசியதும், பிறகு யாருமே பேசாமல் போனதும் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. பாப்பா 3.8 கிலோ. அவள் அழுவதற்குள் நான் அவள் போய்விட்டாள் என்றே நினைத்துவிட்டேன்.

அவள் நன்றாக இருந்தாள், இருக்கிறாள். எனக்குத்தான் உள்ளே கிழிந்திருந்தது. தியேட்டருக்கு மாற்றித் தையல் போட்டார்கள், இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றினார்கள். ஐந்தாம் நாள் கையில் கொடுத்த டிஸ்சார்ஜ் தாளில் நார்மல் டெலிவரி என்று இருந்தது. ஊரில் எல்லோருக்கும் சுகப்பிரசவம் என்று சொல்லி அப்பா லட்டு கொடுத்தார்.

அந்த வார்த்தையை நான் குறை சொல்ல வரவில்லை, எத்தனையோ பேருக்கு அது சுகமாகவே நடக்கிறது. ஆனால் சுகப்பிரசவம் என்று பேர் வைத்த பிறகு அதில் போய் எதை முறையிடுவது? எனக்கு வாயுவை அடக்க முடியவில்லை. மலம் வருகிற மாதிரி இருந்தால் ஓட வேண்டும், இரண்டு நிமிஷம் கூடப் பொறுக்க முடியாது. கல்யாண வீட்டுக்குப் போவதை விட்டேன். பஸ்ஸில் ஏறும் முன்னால் கழிப்பறை எங்கெங்கே இருக்கிறது என்று மனதுக்குள் கணக்குப் போட ஆரம்பித்தேன். கைப்பையில் எப்போதும் ஒரு மாற்றுத் துணி. இதை ஒன்றரை வருஷம் யாரிடமும் சொல்லவில்லை, கணவரிடம் கூட, எல்லாப் பெண்களுக்கும் இப்படித்தான் போல, நான்தான் தாங்கத் தெரியாதவள் என்று நினைத்துக்கொண்டு. இதே நிலையில் இதைப் படிக்கிறவர்களுக்கு: எல்லோருக்கும் இப்படி இல்லை. இது ஒரு காயம், அதற்கு மருத்துவப் பெயர் உண்டு, சிகிச்சையும் உண்டு.

அந்தப் பெயர் எனக்குத் தெரிந்ததே என் ஃபைலைத் தேடிப் போனதால்தான். இரண்டாவது கர்ப்பத்தில் நான்கு மாதம் முடிந்ததும் முதல் வேலையாகப் பழைய மருத்துவமனைக்குக் கணவரை அழைத்துக்கொண்டு போனேன். உள்நோயாளியின் கேஸ் ஷீட்டை மருத்துவர்கள் மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் வருஷத்து நெறிமுறையில் இருக்கிறது. எனக்கு அப்போது இரண்டு வருஷம் எட்டு மாதம் ஆகியிருந்தது, இன்னும் நான்கு மாதம் விட்டிருந்தால் கிடைத்திருக்குமோ என்னவோ. ரிசப்ஷனில் முதலில் "டிஸ்சார்ஜ் சம்மரி இருக்கே, அது போதும்" என்றார்கள். சண்டை போடவில்லை. ஒரு வெள்ளைத் தாளில் பெயர், ஐபி நம்பர், சேர்ந்த தேதி எழுதி, பிரசவக் குறிப்பு, தியேட்டர் குறிப்பு, நர்சிங் சார்ட் மூன்றின் நகலும் வேண்டும் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, இன்னொரு நகலில் அவர்களிடம் சீல் வாங்கிக்கொண்டோம். இரண்டாம் நாள் ஃபோன் வந்தது.

தியேட்டர் குறிப்பில் இருந்தது: மூன்றாம் நிலைக் கிழிசல். கிழிசல் பிறப்புறுப்போடு நிற்காமல் ஆசனவாயை இறுக்கிப் பிடிக்கிற சுருக்குத்தசை வரை போவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அந்த வரியைப் படித்துவிட்டு ஆட்டோவில் வரும் வழி முழுக்க அழுதேன். துக்கத்தில் வந்த அழுகை இல்லை. மூன்று வருஷமாக என் உடம்பு சொன்னது பொய்யில்லை என்று யாரோ அன்றைக்கே எழுதி வைத்திருக்கிறார்கள், என்னிடம்தான் சொல்லவில்லை.

முதலில் பார்த்த டாக்டரிடம் நான் சரியாகக் கேட்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது. "பயமா இருக்கு மேடம், சிசேரியன் பண்ணிடுங்க" என்றேன். அவர், "எல்லாரும் சிசேரியன் வேண்டாம்னு அழறாங்க, நார்மல் ஆனவங்க நீங்க ஏன் கேக்கறீங்க? முதல்ல பயத்தை விடுங்க" என்று முதுகில் தட்டி அனுப்பிவிட்டார். அவர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. 2019-21ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன், தனியாரில் மட்டும் 63.8, அரசு மருத்துவமனைகளில் 36. இந்தியா முழுக்கச் சேர்த்தால் 21.5தான். தேவையில்லாமல் வெட்டுகிறார்கள் என்ற கோபம் நம் ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது, எனக்கும் உண்டு, என் தங்கைக்கு நடந்ததைப் பார்த்தவள் நான். அப்படிப்பட்ட இடத்தில் ஒருத்தி தானாகப் போய்க் கேட்டால், வலி தாங்க மாட்டாதவள், இல்லை நல்ல நேரம் பார்க்கிறவள் என்றுதான் முதலில் நினைப்பார்கள். தங்கையிடம் கேட்காமல் வெட்டினார்கள், என்னைக் கேட்காமல் இழுத்தார்கள். இரண்டிலும் எனக்குக் கோபம் ஒன்றுதான்.

இரண்டாவதாக ஒரு டாக்டரம்மாவைத் திருச்சியில் பார்த்தோம். இந்த முறை எழுதிக்கொண்டு போனேன். முதல் பிரசவத்தில் ஜெல், டிரிப், வாக்குவம், ஆயுதம், தோள் மாட்டியது, மூன்றாம் நிலைக் கிழிசல், இரண்டு யூனிட் ரத்தம். இன்னும் வாயு அடங்குவதில்லை, மலம் அவசரமாக வருகிறது. திட்டமிட்ட சிசேரியன் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அவ்வளவுதான், அரைப் பக்கம். கூடவே நகல்கள். அவர் முழுசாகப் படித்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்து, "இதை யார்கிட்டயும் சொல்லலையாம்மா?" என்று கேட்டார். அங்கேயே உடைந்துவிட்டேன்.

சிசேரியன் கேட்க நினைக்கிற யாருக்கும் நான் சொல்வது இதுதான்: உடம்புக்கு என்ன நடந்தது என்பதை அதன் பெயரோடு சொல்லுங்கள், காகிதத்தைக் காட்டுங்கள், ஐந்தாம் ஆறாம் மாதத்திலேயே கேளுங்கள். ஒன்பதாம் மாதத்தில் போய் நின்றால் யோசிக்கவும் பரிசோதிக்கவும் நேரமிருக்காது. அதற்காகக் காயம் இருந்தால்தான் கேட்கலாம் என்றில்லை. பயம் மட்டுமே இருந்தாலும் அதையும் ஒளிக்காமல் சொல்லலாம். லண்டனில் நர்ஸாக இருக்கும் என் அத்தை மகள் சொன்னாள், அங்கே அரசு மருத்துவ வழிகாட்டுதலிலேயே இதற்கு வழி வைத்திருக்கிறார்களாம். பிரசவ பயம் உள்ளவரை முதலில் மனநல உதவிக்கு அனுப்ப வேண்டும், எல்லாம் பேசிய பிறகும் அவர் சிசேரியனே வேண்டும் என்றால் செய்து கொடுக்க வேண்டும், ஒரு மருத்துவருக்கு மனமில்லை என்றால் செய்கிற இன்னொருவரிடம் அனுப்ப வேண்டும். நானும் இரண்டு முறை ஒரு மனநல ஆலோசகரைப் பார்த்தேன். பயம் போகவில்லை, ஆனால் அந்த அறையின் சத்தத்தை உடம்பு நடுங்காமல் சொல்ல முடிந்தது. அது பெரிய உதவி.

டாக்டரம்மா உடனே சரி என்று சொல்லிவிடவில்லை, அதனால்தான் அவரை நம்பினேன். ஆசனவாய் வழியாக ஒரு ஸ்கேன் எடுக்கச் சொன்னார், தசையின் அழுத்தத்தை அளக்கிற மேனோமெட்ரியும். தசையில் இன்னும் இடைவெளி இருந்தது. பிறகு ஒரு தாளின் நடுவில் கோடு போட்டு இரண்டு பக்கமும் எழுதினார். இப்படிக் கிழிந்தவர்களுக்கு அடுத்த பிரசவத்தில் மறுபடி அதேபோல் கிழிவது 100ல் 5 முதல் 7 பேருக்கு. கேட்க அது குறைவுதான், ஆனால் ஏற்கெனவே தொந்தரவு இருப்பவர்களுக்கும் ஸ்கேனில் குறை தெரிபவர்களுக்கும் சிசேரியன் பற்றிக் கண்டிப்பாகப் பேச வேண்டும், ஏனென்றால் இருக்கிற தொந்தரவு கூடலாம். தோள் மாட்டியவர்களுக்கு மறுபடி மாட்டும் வாய்ப்பும் மற்றவர்களைவிட அதிகம்.

மறுபக்கம்: சிசேரியன் வயிற்றைத் திறக்கிற பெரிய ஆபரேஷன். ரத்தம் கூடுதலாகப் போகலாம், தையலில் சீழ் பிடிக்கலாம், காலில் ரத்தம் உறையலாம், அபூர்வமாகச் சிறுநீர்ப்பையில் பட்டுவிடலாம். எல்லாவற்றையும்விட, அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி பழைய தழும்பின் மேல் ஒட்டிக்கொண்டு பிரியாமல் போகிற ஆபத்து ஒவ்வொரு சிசேரியனுக்கும் ஏறிக்கொண்டே போகும். "மூணாவது வேணுமா?" என்று நேராகக் கேட்டார். வேண்டாம் என்று நானும் கணவரும் முன்பே பேசியிருந்தோம். நான்கு பிள்ளை ஆசை இருந்தால் இந்தத் தராசு வேறு பக்கம் சாய்ந்திருக்கும், அதையும் அவரே சொன்னார்.

மூன்றாவதாக ஒரு வழியையும் வைத்தார். ஜெல், டிரிப் இல்லாமல் தானாக வலி வந்தால் மட்டும் முயற்சிப்பது, வலி தெரியாமலிருக்க முதுகில் கொடுக்கிற எபிடூரல் மருந்து போட்டுக்கொள்வது, அவரே கூட இருப்பது, ஆயுதம் போடாமல் முன்கூட்டியே தியேட்டருக்குப் போய்விடுவது. மூன்று வாரம் அதை யோசித்தேன். நல்ல வழிதான். ஆனால் படுத்தால் எனக்கு ஸ்டூலில் ஏறி நின்ற அந்த நர்ஸ்தான் கண்ணில் வந்தார். திரும்பிப் போய், "எல்லாம் யோசிச்சிட்டேன் மேடம், சிசேரியன்தான்" என்றேன். "சரி" என்று என் கார்டில் காரணத்தோடு எழுதினார். காரணத்தோடு எழுத வைப்பது முக்கியம். நடுராத்திரி வலி வந்து நீங்கள் போகும்போது டியூட்டியில் வேறு ஒருவர் இருப்பார், அவருக்கு அந்தக் கார்டுதான் பேசும். 39 வாரத்தில் நாள் குறித்தால் பத்தில் ஒருவருக்கு அதற்கு முன்பே வலி வந்துவிடும் என்றார், அப்படி வந்தால் என்ன செய்வது என்பதையும் அதிலேயே எழுதிக்கொண்டோம்.

வீட்டில் சொல்வது தனிப் போராட்டம். அத்தை மூன்று பிள்ளையையும் வீட்டிலேயே பெற்றவர். "கத்தி படாத உடம்பை எதுக்கும்மா?" என்று கலங்கினார். அதுவரை அவரிடம் நான் எதையும் சொன்னதில்லை. அன்று சமையலறையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன், வாயு, மாற்றுத் துணி, கல்யாண வீடு எல்லாம். அத்தை ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் மெதுவாக, நடுவிலவன் பிறந்த பிறகு அவருக்கும் இருமினால் சிறுநீர் வந்துவிடும், நாற்பது வருஷமாக அப்படித்தான் என்றார். பெண்கள் நாம் எவ்வளவை மூடி வைத்திருக்கிறோம்.

தேதி விஷயத்தில் மாமா ஜோதிடரிடம் போய் 37ஆவது வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு வந்துவிட்டார். டாக்டரம்மா அதற்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. வலி வராமல் வயிற்றைத் திறந்து எடுக்கிற குழந்தைக்கு நுரையீரலில் இருக்கும் நீர் முழுசாக வடிந்திருக்காது, 39 வாரம் ஆவதற்கு முன் எடுத்தால் மூச்சுத் திணறி இன்குபேட்டரில் வைக்க வேண்டி வரலாம் என்று மாமாவை உட்கார வைத்து விளக்கினார். பிறகு 39 வாரம் முடிந்த பிறகு அவரால் முடிகிற மூன்று நாட்களைச் சொல்லி, இதில் எது நல்லது என்று கேட்டு வாருங்கள் என்றார். மாமாவுக்கும் மனம் ஆறியது, பிள்ளைக்கும் நாள் நிறைந்தது. உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு வரும், அப்போது இந்த வழியைச் செய்து பாருங்கள். ஆனால் அந்த மணி நேரத்துக்குள்தான் என்று மட்டும் பிடிவாதம் வேண்டாம். எனக்குக் காலை எட்டரைக்கு என்று இருந்தது, அவசரமாக ஒரு பெண்ணைக் கொண்டுவந்ததால் பதினொன்றே காலுக்குத்தான் உள்ளே அழைத்துப் போனார்கள். அந்தப் பெண்ணும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள் என்று கேட்டபோது எங்கள் யாருக்குமே நேரம் போனது தோன்றவில்லை.

பணம், காப்பீடு பற்றி முன்பே கேட்டுவிடுங்கள். கணவர் கம்பெனி பாலிசியில் பிரசவத்துக்கு 50,000 ரூபாய்தான் வரம்பு. பேக்கேஜ் என்று மருத்துவமனை சொன்ன தொகையில் மயக்க மருந்து டாக்டர், குழந்தை டாக்டர் கட்டணம் சேர்ந்ததா என்று கேட்டதில் சேரவில்லை என்று தெரிந்தது.

இன்னொன்று, இரண்டாவது பிள்ளை சிசேரியன் என்றால் "அப்படியே குடும்பக் கட்டுப்பாடும் பண்ணிடலாமா?" என்று கேட்பார்கள். இதை வீட்டில் பேசி முன்பே முடிவு செய்யுங்கள். மேஜையில் படுத்திருக்கும்போது கேட்டுப் பதில் சொல்கிற விஷயம் இல்லை அது. ஒரு சிகிச்சைக்குக் கொடுத்த சம்மதம் இன்னொன்றுக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2008லேயே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. நாங்கள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தோம், ஆண்களுக்குச் செய்கிற குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனான வாசக்டமியைக் கணவர் செய்துகொள்வதாக ஏற்கெனவே பேசியிருந்ததால்.

அன்றைய நாளைப் பற்றி. ஆறு மணி நேரத்துக்கு முன்பிருந்து சாப்பாடு கிடையாது, தண்ணீர் மட்டும் இரண்டு மணி நேரம் முன்பு வரை. தியேட்டர் குளிரும், பயந்துவிடாதீர்கள். உட்கார வைத்துத் தலையணையைக் கட்டிக்கொண்டு முதுகை வளைக்கச் சொன்னார்கள், முதுகில் ஒரு சுருக், பிறகு கால் இரண்டும் சூடாகிக் கனத்துப் போனது. மரத்துவிட்டதா என்று ஈரப் பஞ்சால் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் தொடங்குவார்கள். வலி இல்லை, ஆனால் உள்ளே இழுப்பதும் அழுத்துவதும் நன்றாகத் தெரியும். யாரோ மேல்வயிற்றில் கை வைத்து அழுத்தியதும் எனக்குப் பழைய நினைவு வந்து மூச்சு முட்டியது. தலைமாட்டில் இருந்த மயக்க மருந்து டாக்டரிடம் என் கதையை முன்பே சொல்லச் சொல்லியிருந்தேன். அவர் என் நெற்றியில் கை வைத்து, "இப்ப குழந்தையை வெளியே கொண்டுவர அழுத்தறாங்க, இன்னும் ஒரு நிமிஷம்தான்" என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். முதல் பிரசவத்தில் எனக்குக் கிடைக்காதது இதுதான். வாந்தி வருவது போல் இருந்தால், தலை சுற்றினால், உடனே சொல்லுங்கள், பிரஷர் இறங்கியிருக்கும், அதற்கு மருந்து கொடுத்துவிடுவார்கள்.

பையன். 3.9 கிலோ. வெளியே வந்தவுடனேயே அழுதான்.

அதற்குப் பிறகு வலியே இல்லை என்று சொன்னால் பொய். மறுநாள் முதல் முறை எழுந்து நின்றபோது வயிறு பிளந்துவிடும் போல இருந்தது. நேராக எழாமல் ஒருக்களித்துப் படுத்து, காலைக் கீழே விட்டு, கையை ஊன்றி எழ வேண்டும். இருமும்போது தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ள வேண்டும். வலி மாத்திரையை வலி வந்த பிறகு கேட்காமல் நேரத்துக்குப் போட வேண்டும். காலில் ரத்தம் உறையாமல் இருக்கச் சீக்கிரம் நடக்க வேண்டும், ஒரு காலில் மட்டும் வீக்கமோ வலியோ, காய்ச்சலோ, தையலில் கசிவோ வந்தால் காத்திருக்கக் கூடாது. அம்மா தண்ணீர் குடிக்க விடவில்லை, குடித்தால் புண்ணில் சீழ் பிடிக்கும் என்று. இது தவறு, தாய்ப்பாலுக்கும் வேண்டும், மலச்சிக்கல் வராமலிருக்கவும் வேண்டும், என் போன்றவர்களுக்கு முக்கினாலே ஆபத்து. டாக்டரம்மாவே அம்மாவிடம் சொன்ன பிறகுதான் சொம்பு என் பக்கம் வந்தது. பூண்டுக் குழம்பையும் பால்சுறாப் புட்டையும் நான் மறுக்கவே இல்லை.

உடம்பைவிட மனது வலித்தது மூத்தவளால். ஆறு வாரம் கனமாக எதையும் தூக்கக் கூடாது, அவளோ மூன்று வயது, தூக்கச் சொல்லிக் கையை நீட்டிக்கொண்டு நிற்பாள். ஆபரேஷனுக்கு ஒரு மாதம் முன்பிருந்தே அவளைக் கட்டிலில் ஏறி என் பக்கத்தில் உட்காரப் பழக்கியிருக்க வேண்டும், எனக்கு அது தோன்றவில்லை. நீங்கள் பழக்குங்கள்.

சிசேரியன் பழைய காயத்தை ஆற்றாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், இன்னும் மோசமாகாமல் காப்பாற்றும், அவ்வளவுதான். இடுப்படித் தசைகளுக்கான பிசியோதெரபியை நான் இப்போதும் செய்கிறேன், இறுக்கி எண்ணி விடுகிற பயிற்சி, தினம் மூன்று வேளை. ஆறு மாதத்தில் பாதிக்கு மேல் குறைந்தது. 2019லேயே யாராவது இதைச் சொல்லிக் கொடுத்திருந்தால் அந்த மூன்று வருஷம் எனக்கு வேறு மாதிரி இருந்திருக்கும்.

பையனுக்குப் பேர் வைத்த அன்று வந்திருந்த ஒரு பெரியம்மா வாசலிலேயே, "நார்மலா, ஆபரேஷனா?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அத்தை, "ஆபரேஷன்தான். முதல்ல இவ ரொம்பக் கஷ்டப்பட்டுட்டா, அதான் நாங்களே கேட்டு வச்சுக்கிட்டோம்" என்று சொல்லிவிட்டு அவரை உள்ளே சாப்பிட அழைத்துப் போனார். அன்று மண்டபத்தில் நான் சாயங்காலம் வரை இருந்தேன்.